கட்டடக்கலையில் எம்.எஸ். பை ரிசர்ச்: படித்து முடித்தவளின் விமர்சனம்

ஐந்துக்கு நாலு ஸ்டார். "சேரலாமா அக்கா, வேண்டாமா?" என்று கேட்கிற ஜூனியர்களுக்கு ஒவ்வொரு தடவையும் போனில் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலைப் பட்டம்) முடித்து, சென்னையில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்து, அப்புறம் கேட் என்கிற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போனவள் நான். எந்த நிறுவனம் என்று போடவில்லை. இந்தப் பட்டத்தின் நல்லது கெட்டது வளாகத்தை வைத்து அமைவதில்லை. ஒரே மாடியில் எதிரெதிர் அறையில் இருக்கும் இரண்டு கைடுகளிடம் (ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர்கள்) சேர்ந்த இரண்டு பேர், இரண்டு வேறு படிப்பைப் படித்துவிட்டு வெளியே வருவார்கள். அதனால் இங்கே மதிப்பெண் பட்டத்துக்குத்தான், வளாகத்துக்கு இல்லை.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொண்டு பேசுவோம், ஏனென்றால் பாதிப் பேர் எம்.ஆர்க்.கையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். நம் ஊரில் எம்.ஆர்க். என்றால் இரண்டு வருடம், பாடங்கள், ஸ்டூடியோ என்கிற டிசைன் வகுப்பு, கடைசி செமஸ்டரில் தீசிஸ் (ஆய்வேடு). லேண்ட்ஸ்கேப், அர்பன் டிசைன், கன்சர்வேஷன் என்று ஒரு துறையை எடுத்துக்கொண்டு பி.ஆர்க்.கின் அதே பழக்கத்தில் இன்னும் ஆழமாகப் போவீர்கள். ஆராய்ச்சிப் பட்டத்தில் ஸ்டூடியோவே கிடையாது. முதல் வருடம் சில பாடங்கள் இருக்கும், அவற்றில் பாதி சிவில், மெக்கானிக்கல் பையன்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டியவை. மீதிக் காலம் முழுக்க ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடி, எழுதி, வெளியாள் ஒருவர் அதைப் படித்து, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி கேட்டு, ஒப்புக்கொண்டால் பட்டம். இரண்டு வருடம் என்று கையேட்டில் இருக்கும். மூன்று என்று மனசில் வைத்துக்கொண்டு போங்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் எம்.ஆர்க். என்பது பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட் உரிமம் வாங்குவதற்கான தொழிற்பட்டம், எம்.எஸ். என்று பெயர் வருவதுதான் ஆராய்ச்சிக்கானது. எம்.ஐ.டி.யில் எஸ்.எம்.ஆர்க்.எஸ். என்று ஒரு பட்டம் இருக்கிறது, ஏற்கனவே கட்டடக்கலை படித்து முடித்தவர்கள் கம்ப்யூட்டேஷன், கட்டட வரலாறு, பில்டிங் டெக்னாலஜி, அர்பனிசம் மாதிரி ஒரு திசையில் போவதற்கு. இங்கிலாந்தில் எம்.ஃபில்., எம்.ரெஸ். என்று பெயர் மாறும். பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பம் போட்டு, வேறு எதையோ எதிர்பார்த்துப் போய் இறங்கிய ஆட்களை எனக்குத் தெரியும். பாடத்திட்டப் பக்கத்தைத் திறந்து, ஸ்டூடியோ எத்தனை கிரெடிட், தீசிஸ் எத்தனை கிரெடிட் என்று மட்டும் பாருங்கள், அந்த இரண்டு எண்களே அது எந்த மாதிரிப் பட்டம் என்று சொல்லிவிடும்.

"கட்டடக்கலையில் என்னம்மா ஆராய்ச்சி? வீடு கட்டத்தானே படிச்சே?" இதை என் பெரியப்பாவும் கேட்டார், நான் வேலை பார்த்த ஆபீஸிலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்தத் தொழில் பட்டறையில் குருவிடம் கற்கிற தொழிலாகத்தான் ரொம்ப காலம் இருந்தது. பிரிட்டனில் 1958-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்வி மாநாடு நடந்தது, லெஸ்லி மார்ட்டின் தலைமையில். கட்டடக்கலையைப் பல்கலைக்கழகத்தில் வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும், அதற்கென்று ஆராய்ச்சியும் வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் உறுதிப்பட்டது. அதே மார்ட்டின் 1967-ல் கேம்பிரிட்ஜில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார். அங்கே அவரும் லயனல் மார்ச்சும் போட்ட ஒரு கணக்கை நான் முதல் வருடத்தில் படித்தேன், இன்றைக்கும் அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஒரே நிலம், ஒரே அளவு தரைப்பரப்பு. நடுவில் கோபுரம் மாதிரி ஒரு கட்டடத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, ஓரங்களில் கட்டி நடுவைத் திறந்த முற்றமாக விட்டால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உயரத்திலேயே அதே இடம் கிடைத்துவிடும். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்கள் "அதான் எங்களுக்குத் தெரியுமே" என்பார்கள். தெரிந்திருக்கலாம், ஆனால் கணக்காகக் காட்டினால்தான் ஒரு பில்டரோ நகரத் திட்டக்காரரோ உட்கார்ந்து கேட்பார்.

நம் நாட்டிலேயே இதைவிட நேரடியான உதாரணம் இருக்கிறது. ஒரு அறை மனிதனுக்கு எந்த வெப்பநிலையில் சௌகரியமாக இருக்கும் என்று உலகம் முழுக்க ஏசி போடுகிறவர்கள் கையாளும் சூத்திரம், ஃபாங்கர் என்கிற டென்மார்க் ஆராய்ச்சியாளர் 1970-ல் வெளியிட்டது. அதற்கு ஆதாரம், சோதனை அறைக்குள் மாணவர்களை உட்கார வைத்துக் கேட்ட பதில்கள். ஃபேன் காற்றில் பருத்திப் புடவையோடு வேலை பார்க்கிற சென்னை அம்மாவுக்கு அது எப்படிப் பொருந்தும்? அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் சென்னை, பெங்களூரு, அகமதாபாத், டெல்லி, சிம்லா என்று ஐந்து ஊர் அலுவலகங்களுக்குப் போய், உட்கார்ந்திருக்கிறவர்களிடமே கேட்டு, 6,000-க்கும் மேற்பட்ட பதில்களைச் சேர்த்து, இந்தியாவுக்கென்று ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். ஏசி இல்லாத கட்டடத்துக்கு அந்தச் சூத்திரம் ரொம்ப எளிமை: வெளி வெப்பநிலையின் முப்பது நாள் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டுங்கள். வெளியே சராசரி 30 டிகிரி என்றால் உள்ளே 29 டிகிரி நமக்குச் சௌகரியம்தான். 24-ல் ஏசியை வைத்தால்தான் ஆச்சு என்று கிளையன்ட் பிடிவாதம் பிடிக்கும்போது எடுத்துக் காட்ட ஒரு எண் கிடைத்தது. 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பில் இது இடம்பிடித்துவிட்டது. ஒரு கட்டடக்கலைப் பள்ளியில் நடந்த ஆராய்ச்சி, நாடு முழுக்கக் கட்டுகிற கட்டடங்களின் மின்கட்டணத்தைத் தொடுகிற இடம் வரை போயிருக்கிறது. பெரியப்பாவுக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

சரி, உள்ளே போனால் எப்படி இருக்கும்? பி.ஆர்க். படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் ரொம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும், அறிவு போதாமல் இல்லை, பழக்கம் வேறு. ஐந்து வருடம் ஜூரியில், அதாவது நம் டிசைனை மதிப்பிடுகிறவர்கள் முன்னால், நின்று பேசிப் பேசி நமக்கு ஒரு நடை வந்துவிடுகிறது. "இந்த முற்றம் மக்களை ஒன்று சேர்க்கும்", "இந்த ஜாலி (ஓட்டை ஓட்டையாக உள்ள தடுப்புச் சுவர்) உள்ளே குளிர்ச்சியைக் கொண்டு வரும்" என்று ஷீட்டுக்கு முன்னால் நின்று சொன்னால் ஜூரி தலையாட்டும். ஆராய்ச்சிக் கருத்தரங்கில் அதே வாக்கியத்தைச் சொன்னால் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்பார்: "எப்படித் தெரியும்?" அவர் அதைக் கோபமாகக் கேட்பதில்லை, மட்டம் தட்டவும் கேட்பதில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. என் இரண்டாம் கருத்தரங்கில் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசும்போது கட்டடத்தை வெட்டிப் பார்த்த மாதிரி, அழகான நீல அம்புக்குறிகள் போட்டு வரைந்த ஒரு செக்‌ஷனைக் காட்டினேன். காற்று இந்த அம்புக்குறி வழியே போகிறது என்று யார் அளந்தார்கள் என்று கேட்டார்கள். நாட்டில் உள்ள எல்லா கட்டடக்கலைக் கல்லூரியிலும் அந்த நீல அம்புக்குறி இருக்கிறது, அதை அளந்தவர் மிகக் குறைவு. இந்தப் பட்டத்துக்கு நான் கொடுக்கிற நாலு ஸ்டாரில் இரண்டு, அந்த ஒரு கேள்விக்கே போகும்.

என் தீசிஸ் மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பற்றியது. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுவது எனக்கு அலுப்பதே இல்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தால், தேக்கு உத்தரத்துக்கு மேல் சின்னச் சின்னச் செங்கல்கள் சாய்வாக வரிசை கட்டி நிற்பது தெரியும். அந்தச் செங்கல் சாதாரணச் செங்கல் இல்லை, ஒரு அங்குலத் தடிமனில் கூரைக்கென்றே சுட்டது. அதை மட்டமாக அடுக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, சுவருக்கு 45 டிகிரி கோணத்தில், சுண்ணாம்புக் காரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுக்கொடுத்த பலகை எதுவும் இல்லாமல் ஒட்டிக்கொண்டே போவதுதான் கொத்தனாரின் கை வேலை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள், இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே. கடைசியில் தட்டோடு. மொத்தத்தில் ஒரு ஜாண் கனத்துக்கு மண்ணும் சுண்ணாம்பும் தலைக்கு மேல் நிற்கும், ஒரு கம்பி கூட இல்லாமல்.

இந்தக் கூரை உள்ள வீடு "குளுகுளுன்னு இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை அளந்து, கான்கிரீட் கூரையோடு ஒப்பிட்டுக் காட்டத்தான் போனேன். டேட்டா லாகர்கள் வாங்கினோம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையும் ஈரப்பதமும் பதிவாகும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. கூரையிலிருந்து இறங்குகிற கதிர்வீச்சு வெப்பத்தை அளக்க குளோப் தெர்மாமீட்டர் வேண்டும், கடையில் வாங்கினால் விலை அதிகம். டேபிள் டென்னிஸ் பந்தில் ஒரு ஓட்டை போட்டு, பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடித்து, நடுவில் சென்சார் முனை நிற்கிற மாதிரி சொருகி, வாயை அடைத்துவிட்டால் அதுவே குளோப் தெர்மாமீட்டர். உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள், லேப் ஆட்கள் அதைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக் கூடத்தில் இந்தக் கறுப்புப் பந்துகளை உத்தரத்திலிருந்து நூல் கட்டித் தொங்கவிட்டபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த வீட்டுப் பாட்டி எண்பதைத் தாண்டியவர். நான் மத்தியான வெயிலில் போய் லாகரைப் பார்த்து, "உள்ளே எவ்வளவு இதமா இருக்கு பாட்டி" என்பேன். ஒரு நாள் அவர் சொன்னார்: "ஏம்மா, மத்தியானம் மத்தியானம் வந்து பார்த்துட்டுப் போறியே. ராத்திரி ஒன்பது மணிக்கு இந்த ரூம்ல வந்து படுத்துப் பாரு. நாங்கல்லாம் அந்தக் காலத்துலயே மொட்டை மாடிக்குத்தான் ஓடுவோம்." லாகரில் இருந்ததும் அதேதான். கனமான கூரை வெயிலை உடனே உள்ளே விடுவதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்ததை ஆறேழு மணி நேரம் கழித்து மெதுவாக உள்ளே விடுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சொர்க்கமாக இருக்கும் அறையில் ராத்திரி கூரையின் அடிப்பக்கம் அறைக் காற்றைவிடச் சூடாக இருக்கும். மெல்லிய கான்கிரீட் கூரையில் இந்தத் தாமதம் மூன்று நான்கு மணி நேரம்தான், ஆனால் சூடு அதில் ரொம்ப அதிகமாக ஏறும். பாலைவன ஊர் என்றால் கனமான கூரை ராத்திரி நன்றாகக் குளிர்ந்துவிடும், ஏனென்றால் அங்கே பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் பெரிசு. சென்னையில் மே மாதம் ராத்திரியும் இறங்காதே.

அப்போது இந்த வீடுகளில் மனிதர்கள் எப்படித் தூங்கினார்கள்? அங்கேதான் என் தீசிஸ் உண்மையில் ஆரம்பித்தது. கூரை மட்டும் தனியாக எதையும் செய்யவில்லை. உயரமான உட்கூரை, முற்றம், எதிரெதிர் ஜன்னல்கள், மத்தியானத்துக்கு மேல் வீசத் தொடங்கும் கடற்காற்று, மொட்டை மாடியில் படுக்கிற வழக்கம், இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் குளுகுளு. இப்போது பக்கத்தில் மூன்று மாடி எழும்பி கடற்காற்றை மறித்துவிட்டது, கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே ஜன்னல் சாத்தப்படுகிறது, மாடியில் படுக்க யாரும் போவதில்லை. கூரை அதே கூரைதான், வேலை செய்த ஏற்பாட்டில் பாதி காணாமல் போய்விட்டது. "பாரம்பரியக் கட்டடம் குளிர்ச்சி" என்று மொட்டையாகச் சொல்கிற எல்லா விளம்பரத்தையும் பார்த்தால் எனக்கு இப்போது கை பரபரக்கிறது. சில கிளையன்டுகள் அந்த வார்த்தையை நம்பிப் பணம் போடுகிறார்கள். எந்த நேரத்தில், எந்த மாதத்தில், எந்த ஜன்னல் திறந்திருக்கும்போது என்று கேட்க வேண்டும். எம்.எஸ். படிக்காமல் இதை நான் கற்றிருப்பேனா என்றால், எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆபீஸில் ஒரு கட்டடம் முடிந்த மறுநாளே அடுத்த கட்டடத்துக்கு ஓடுவோம், முடிந்ததில் போய் தெர்மாமீட்டர் மாட்டுகிற ஆபீஸை நான் பார்த்ததில்லை.

இனி அந்தப் போன ஒரு ஸ்டார்.

கைடு. இந்தப் பட்டத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்கிற ஒரே முக்கியமான விஷயம் இது, ஆனால் பல இடங்களில் அதைத் தேர்ந்தெடுக்க நமக்குச் சரியான வாய்ப்பே தருவதில்லை. நேர்காணலில் தேறுவீர்கள், ஒரு விருப்பப் பட்டியல் கேட்பார்கள், யாருக்கு இடம் காலியோ அவரிடம் போவீர்கள். எனக்கு நல்லவர் கிடைத்தார், எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை ஒரு வாரத்துக்குள் சிவப்பு மையில் திருப்பித் தருவார். என்னோடு சேர்ந்த ஒரு தோழிக்கு அப்படி அமையவில்லை. அவளுடைய அத்தியாயம் மேஜையிலேயே மாதக்கணக்கில் கிடந்தது, நடுவில் கைடின் கன்சல்டன்சி வேலைக்கு டிராயிங் போட்டுக் கொடுத்தாள், கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. அவள் படிப்பை விட்டுவிட்டு இப்போது சொந்தமாக பிராக்டீஸ் செய்கிறாள், நன்றாகவே செய்கிறாள், ஆனால் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் முகம் மாறிவிடும். ஸ்காலருக்கு (ஆராய்ச்சி மாணவருக்கு) புகார் சொல்ல ஒரு கமிட்டி இருக்கும், காகிதத்தில். அந்தக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் கைடோடு தினம் காபி குடிக்கிறவர்கள். இதை மாற்றாமல் இந்தப் பட்டத்துக்கு ஐந்து ஸ்டார் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பணம். கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் ஸ்டைபண்ட், அதற்கு ஈடாக வாரத்தில் சில மணி நேரம் லேபிலோ வகுப்பிலோ உதவ வேண்டும். ஹாஸ்டல், மெஸ் போக மிச்சம் கொஞ்சம்தான் நிற்கும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களுக்கு இது போதாது, இதை யாரும் பூசி மெழுகக் கூடாது. ஸ்டைபண்ட் தாமதமாகவும் வரும். என் வகுப்பில் ஒரு அண்ணன், தங்கை கல்யாணக் கடனை வைத்துக்கொண்டு படித்தார், சனி ஞாயிறில் 3டி வியூ போட்டுக் கொடுத்துத்தான் சமாளித்தார். ஃபீல்டு வேலைக்கு ஆகும் செலவு தனி: பஸ், ஆட்டோ, லாகர் பேட்டரி, வீட்டுக்காரர்களுக்கு வாங்கிப் போகிற பழம். தனியார் கல்லூரி எம்.ஆர்க். கட்டணத்தோடு பார்த்தால் இது கையைக் கடிக்காத படிப்பு என்பதும் உண்மை, கட்டணம் அதைவிடக் குறைவு, மாதாமாதம் கையில் ஏதோ வருகிறது.

வேலை விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பிராக்டீஸ் செய்வதற்கு பி.ஆர்க்.கும் கட்டடக்கலை கவுன்சிலில் பதிவும் போதும். எம்.எஸ். வாங்கியதால் கூடுதலாக எந்த உரிமையும் வராது. டிசைன் ஆபீஸில் சம்பளமும் அதனால் உயராது, சில இடங்களில் "மூணு வருஷம் சைட் அனுபவம் போச்சே" என்றுதான் பார்ப்பார்கள். என்னையும் ஒரு ஆபீஸில் அப்படிக் கேட்டார்கள். பயன்படுகிற இடங்கள் வேறு: பசுமைக் கட்டட ஆலோசனை, எனர்ஜி சிமுலேஷன் (கட்டடம் எவ்வளவு மின்சாரம், வெப்பம் வாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது), முகப்பு வடிவமைப்பு நிறுவனங்கள், பாரம்பரியக் கட்டட ஆய்வு, கொள்கை வேலை செய்கிற அமைப்புகள், அப்புறம் பிஎச்.டி. இப்போது நான் சிமுலேஷன் வேலையில் இருக்கிறேன். எனர்ஜிபிளஸ் மாதிரி இலவச மென்பொருளை ஓட்ட யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். அது துப்புகிற எண் நம்பத்தக்கதா என்று சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள், அதற்குக் கையால் அளந்த அனுபவம் வேண்டும். கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் எம்.ஆர்க். என்று மட்டும் போட்டிருப்பார்கள். உங்கள் எம்.எஸ். பட்டத்தை அதற்குச் சமமாக ஏற்பார்களா என்று அந்தக் கல்லூரியிடம் முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி, சேர்ந்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டவரைத் தெரியும்.

எல்லா ஆராய்ச்சியும் லாகர், சூத்திரம் என்று இருக்காது. என் சீனியர் ஒருவர் துறைமுக நகரத்துக் கிடங்குகளின் வரலாற்றை எடுத்தார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பொதுப்பணித் துறையின் பழைய கோப்புகளைப் புரட்டுவது அவருக்குத் தினசரி வேலை. கோயில் கட்டடக்கலை பக்கம் போகிறவர்களுக்கு 1955-ல் தொடங்கிய பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு பெரிய கொடை; தமிழ்நாட்டுக் கோயில்கள் பழுதுபார்ப்புக்கும் வெள்ளையடிப்புக்கும் முன்னால் எப்படி இருந்தன என்று பார்க்க அங்கேதான் போக வேண்டும், லட்சத்துக்கும் மேல் படங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ் அச்சு நூல்கள் கிடைக்கும். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஆர்க்கிடெக்ட்டுகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், நீங்கள் படிக்கத் தெரிந்தவர் என்றால் மற்றவர்கள் தொடவே முடியாத ஆதாரங்கள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. கொத்தனார்களிடம் பேசுவதும் அப்படித்தான். எனக்குச் சுண்ணாம்பு பற்றித் தெரிந்ததில் பாதி, ரிட்டயரான ஒரு மேஸ்திரி திண்ணையில் உட்கார்ந்து சொன்னது. பதப்படுத்தின சுண்ணாம்பு இருக்கிறதா, அவசரத்தில் நீற்றின சுண்ணாம்பு இருக்கிறதா என்று கரண்டியிலிருந்து விழுகிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். அதையெல்லாம் எழுதி வைக்க அவர் வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லை. என் தீசிஸின் பிற்சேர்க்கையில் அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கங்களை எழுதியதற்காகவே இந்தப் படிப்பு படித்தது தகும் என்று நினைக்கிறேன்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். ஆபீஸ் வேலை பிடிக்கவில்லை, அடுத்து என்ன என்று தெரியவில்லை, கொஞ்ச நாள் படிக்கலாமே என்று வராதீர்கள், தனிமை தின்றுவிடும். ஸ்டூடியோவில் ராத்திரி முழுக்கக் கூட்டமாக உட்கார்ந்து வேலை பார்த்துப் பழகினவர்களுக்கு, ஒரு அறையில் ஒரு எக்செல் ஷீட்டோடு மாதக்கணக்கில் இருப்பது தாங்காது. டிசைன் செய்கிற கை அரிப்பு உள்ளவர்களும் எம்.ஆர்க். போய்விடுங்கள், அது குறைந்த படிப்பு இல்லை. வேலை செய்யும்போது ஏதோ ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்து தொந்தரவு செய்கிறது, கேட்டால் யாரிடமும் ஒழுங்கான பதில் இல்லை, அப்படி இருந்தால் மட்டும் வாருங்கள். அந்தக் கேள்வி சின்னதாக இருக்கட்டும். "நிலையான நகரங்கள்" மாதிரித் தலைப்போடு வருகிறவர்களை முதல் கருத்தரங்கிலேயே அது மூச்சு முட்ட வைக்கும். "இந்தக் கூரைக்குக் கீழே ராத்திரி ஒன்பது மணிக்கு எவ்வளவு சூடு?" இந்த அளவு போதும், அதற்கே மூன்று வருடம் ஆகும்.

சேர முடிவு செய்தவர்களுக்கு: கேட் தேர்வில் கட்டடக்கலைக்கும் திட்டமிடலுக்கும் தனித் தாள் இருக்கிறது, பிப்ரவரியில் நடக்கும், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், அதனால் வேலையில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடலாம். புள்ளியியலைக் கொஞ்சம் தூசி தட்டுங்கள். கைடாக நினைக்கிறவரின் மாணவர்கள் எழுதிய தீசிஸ்கள் சோத்கங்கா என்கிற ஆய்வேட்டு இணையதளத்திலோ நிறுவனத்து நூலகத்திலோ இருக்கும், இரண்டையாவது முழுக்கப் படியுங்கள். முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கிற ஸ்காலர்களின் பெயர்கள் இருக்கும், அவர்களைத் தேடிப் பிடித்து, அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார், கன்சல்டன்சி வேலை வாங்குவாரா என்று நேராகக் கேளுங்கள். கைடிடமும் போய்ப் பேசுங்கள். உங்கள் கேள்வியைச் சொன்னதும் அவர் தன் பிராஜெக்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வேறு ஆளைப் பாருங்கள், உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்டால் அவரிடம் சேருங்கள்.